ஊர் எந்தப் பக்கம்? வாக்கு வீதத்தை வைத்து முடிவெடுக்க முதல்

அன்பான ஊரவர்களுக்கு,

ஒவ்வொரு தேர்தல் முடிவும் வந்த கையோடு இங்கே இரண்டு கதை கிளம்புகிறது. "ஊர்ச் சனம் அப்படியே திசைகாட்டிப் பக்கம் (தேசிய மக்கள் சக்தி) சாய்ந்துவிட்டது" என்பது ஒன்று. "அரைவாசிப் பேர் வாக்களிக்கவே போகவில்லை, சனத்துக்கு அரசியல் வெறுத்துவிட்டது" என்பது மற்றது. இரண்டுக்கும் சொல்பவர்கள் கையில் ஆதாரம் இல்லை.

முதலில் சாய்வு. பாராளுமன்றத் தேர்தலில் வெளியிடப்படும் மிகச் சிறிய கணக்கு தேர்தல் தொகுதிக் கணக்கு. யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு அது ஊர்காவற்றுறைத் தொகுதி. வாக்கெண்ணும் மண்டபத்தில் பல வாக்களிப்பு நிலையங்களின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்த பிறகுதான் எண்ணுகிறார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று பிறகு ஒருவரும் கணக்குத் தீர்க்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனபடியால் 2024 நவம்பர் 14 இல் யாழ். மாவட்டத்தில் திசைகாட்டிக்கு 80,830, வீட்டுக்கு (தமிழரசுக் கட்சி) 63,327 என்று சொல்லலாம். எங்கட ஊர் எப்படிப் போட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

ஊர் மட்டத்தில் ஏதாவது தெரிவது உள்ளூராட்சித் தேர்தலில்தான். 2018 இலிருந்து 60 வீதம் வட்டாரம், 40 வீதம் கட்சிப் பட்டியல் என்ற கலப்பு முறை. வட்டார முடிவு தனியாக வரும். அதிலும் கவனம் வேண்டும்: ஒரு வட்டாரத்துக்குள் இரண்டு மூன்று ஊர் இருக்கும், சனம் கட்சியைவிட ஆளைப் பார்த்துப் போடும். தெருவிளக்குப் போடுபவர் யார், வாய்க்கால் வெட்டுபவர் யார், யார் யாருக்குச் சொந்தக்காரர் என்பதெல்லாம் அதற்குள் வரும். நவம்பரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த திசைகாட்டி, 2025 மே 6 இல் யாழ். மாநகர சபையின் 45 ஆசனங்களில் 10 தான் எடுத்தது; வீடு 13. சனம் ஆறு மாதத்தில் மனம் மாறியது என்பதைவிட, இரண்டு தேர்தலும் இரண்டு வேறு கேள்வி என்று எடுப்பதே சரி.

பழைய கணக்கை இழுப்பவர்களுக்கும் ஒன்று. 1994 இல் யாழ். மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 ஐ ஈ.பி.டி.பி. (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) சார்ந்த சுயேச்சைக் குழு எடுத்தது 10,744 வாக்கில். அன்று பெரும்பாலும் தீவகத்தில்தான் வாக்களிப்பு நடந்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் மாவட்டத்திலே விழுந்தது 1.2 வீதம் மட்டில். அந்த எண்களில் சனத்தின் கொள்கையைத் தேடக்கூடாது; அன்றைய போர்க்கால நிலைமைதான் அவற்றில் இருக்கிறது.

இனி வீதம். வாக்களிப்பு நிலையத்தில் அலுவலர் இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் வாக்காளர் இடாப்புப் பிரதியில் அடிமட்டம் வைத்து அந்த வரியை வெட்டுவார்கள். மத்தியானம் அந்தத் தாளைப் பார்த்தாலே விளங்கும்: ஒரு வீட்டில் ஆறு பெயர், வெட்டுப்பட்டது தாயும் தகப்பனும் மட்டும். மற்ற நாலும் ரொறன்ரோ, லண்டன், சூரிச். ஒரு பேச்சுக்கு, இடாப்பில் 900 பெயர், 420 பேர் போட்டார்கள் என்று வையுங்கள்: 47 வீதம். அந்த 900 இல் 300 பேர் வெளிநாட்டில் என்றால், ஊரில் உள்ளவர்களில் 70 வீதம் போட்டிருக்கிறார்கள். சனம் சோம்பி இருக்கவில்லை, இடாப்புத்தான் வீங்கியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கையில் ஏற்பாடு இல்லை. தபால் வாக்கு கடமையில் இருக்கும் அரச ஊழியர் போன்றவர்களுக்குத்தான். சட்டம் கேட்பது சாதாரண வதிவிடம். ஆகவே கிராம அலுவலர் வருடாந்த மீளாய்வுக்கு வரும்போது, நிரந்தரமாகப் போன பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் சொல்லத் தேவையில்லை. பெயர் எடுபட்டால் காணி உறுதி செல்லாமல் போகாது, குடியுரிமையும் போகாது. இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது, தொலைபேசியில் எடுத்துச் சொல்லுங்கள்.

"பெயர் குறைந்தால் ஆசனம் குறையுமே" என்ற கேள்வி நியாயமானது. மாவட்டங்களுக்கான 196 ஆசனங்களில் 160 பதிவு செய்த வாக்காளர் தொகைப்படிதான் பிரிபடுகிறது. யாழ். மாவட்டம் 9 இலிருந்து 7 ஆகி, 2024 இல் 6 ஆனது. ஆனால் இல்லாத ஆட்களின் பெயரில் ஆசனம் பிடித்து வைப்பது என் மனதுக்குச் சரியாகப் படவில்லை. யாரோ ஒருவர் அந்தப் பெயரில் வாக்குப் போடவும் அது வழிவிடும். அதைவிட ஊரிலிருந்தும் பதியாதவர்களைப் பதிவிப்போம்: 18 ஆன பெடியள், கலியாணம் முடித்து வந்த பெண்கள், இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள். நீக்கப்படும் பெயர்களின் பட்டியலும் புதிதாகச் சேரும் பெயர்களின் பட்டியலும் கிராம அலுவலர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபனையை அந்தக் காலத்துக்குள்தான் கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடித் திரிந்து பிரயோசனமில்லை.

விழுந்த வாக்கிலும் சேதம் உண்டு. 2024 நவம்பரில் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்டவை 32,767, போட்டதில் ஏறக்குறைய 9 வீதம். 44 பட்டியல் கொண்ட நீளச் சீட்டு. இரண்டு மாதம் முன்பு ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 எழுதிய கை குழம்பும். கட்சிக்குப் புள்ளடி போடாமல் வேட்பாளரின் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்குச் செல்லாது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் செல்லாது. கட்சிக்குச் சரியாகப் போட்டு, விருப்பு மூன்றுக்கு மேல் போனால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு மட்டும் அடிபடும். வயதான ஆட்களுக்கு முதல்நாள் மாதிரிச் சீட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு ஆள் போதும்.

கொழும்பில் இருப்பவர்கள் ஒரு இடத்தில்தான் பதியலாம். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க இடாப்புப் பிரதி கேட்பதால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் இங்கே பதிகின்றன, அதில் பிழையில்லை. ஊரில் பதிவை வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்யும் பெடியள்தான் கட்டாயம் போக வேண்டும். தனியார் துறையில் 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்குச் சம்பளத்துடன் 2 நாள் விடுமுறை உண்டு, சொந்த லீவில் கழிக்கக்கூடாது. முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். இரவு பஸ்ஸில் ஆசனம் கடைசிக் கிழமையில் கிடைக்காது. தேர்தல் திகதி அறிவித்தவுடன் எத்தனை பேர் என்று சொன்னால் எங்கட ஊர்ச் சங்கத்தின் கொழும்புக் கிளை ஒரு பஸ்ஸைச் சேர்த்துப் பிடிக்கும்.

கொழும்புக் கிளைக்காக,
வெள்ளவத்தை