கோயில் போஸ்டர்ல பிட்காயின் முகவரி: "கணக்கு எண் மாதிரிதான்" என்று சொன்னவர் யார்?

மெரிபேங்க் மாமா:
ஞாயித்துக்கிழமை நம்ம டர்பன் கோயில் ஹால்ல "டிஜிட்டல் அந்தரங்கம்: அடிப்படைப் பாடம்"னு வகுப்பு வச்சாங்க. ஜோகன்னஸ்பர்க் பக்கத்துலேருந்து ஒரு பையன் வந்து பேசினான். பாஸ்வேர்ட் பத்தி சொன்னதுல குறை இல்ல. கடைசியில சொன்னான் பாருங்க ஒண்ணு: "பிட்காயின் முகவரி பேங்க் கணக்கு எண் மாதிரிதான், எங்க வேணா ஒட்டலாம், யாருக்கும் ஒண்ணும் தெரியாது." கமிட்டி கை தட்டிச்சு. மறுநாளே சித்திரைக் காவடி நன்கொடை போஸ்டர்ல க்யூஆர் கோடு ஏறிருச்சு. கணக்கு எண் மாதிரியா? என் கணக்கு எண்ண உங்கிட்ட குடுத்தா என் இருப்பு உனக்குத் தெரியுமா? பிட்காயின் முகவரிய குடுத்தா தெரியும். எவ்வளவு வந்துச்சு, எப்ப வந்துச்சு, அங்கேருந்து எங்க போச்சு, எல்லாம் பிட்காயினோட பொதுப் பேரேட்டுல ஊருக்கே தெரியும். பாடம் எடுக்க வந்தவனுக்கே இது தெரியலன்னா நாம யார்கிட்ட போய்க் கத்துக்கறது?

கோடிங் குமரன்:
அந்தப் "பையன்" நான்தான் மாமா, வணக்கம். நான் பேசினதுல பாதிய வெட்டிட்டு மீதிய போட்டிருக்கீங்க. முகவரியில பேரு கிடையாது, ஐடி நம்பர் கிடையாது. அத வச்சு யாரும் பணத்த எடுக்க முடியாது, போடத்தான் முடியும். அந்த வகையில கணக்கு எண் மாதிரிதான்னேன். இதுல என்ன தப்பு?

மெரிபேங்க் மாமா:
பேரு கிடையாதா? போஸ்டர் உச்சியில கோயில் பேரு, நடுவுல முருகன், கீழ முகவரி. இன்னும் என்னப்பா பேரு வேணும்? நீ ஒட்டின நிமிஷமே பேரு வந்தாச்சு. கணக்கு எண் மாதிரி இல்ல. கண்ணாடியில உண்டியல் செஞ்சு நடுத்தெருவுல வச்ச மாதிரி.

சாட்ஸ்வர்த் வேலன்:
கண்ணாடி உண்டியல்னா நல்லதுதானே மாமா? கமிட்டி காசத் தின்னுதுன்னு போன வருஷம் கத்தினது நீங்கதான். இப்ப எல்லாருக்கும் தெரியுது. சந்தோஷப்படுங்க.

டோங்காட் அக்கா:
வேலா, கண்ணாடி உண்டியல் வச்ச கமிட்டி ஹால் கூரைக் கணக்கையும் அப்படியே கண்ணாடியில வைக்குமா? கேட்டு வருஷம் ஓடிப்போச்சு.

சாட்ஸ்வர்த் வேலன்:
கூரைக் கணக்கு வேற திரி அக்கா. இங்க இழுக்காதீங்க.

மெரிபேங்க் மாமா:
கோயில் இருப்பு தெரிஞ்சா தெரியட்டும். என் கவலை குடுக்கறவங்களப் பத்தி. உதாரணம் சொல்றேன். ஒருத்தர்கிட்ட சொந்த வாலட்ல, அதாவது சாவி அவர் கையிலயே இருக்கற பணப்பை ஆப்புல, அரை பிட்காயின் ஒரே துண்டா இருக்கு. கோயிலுக்கு 0.01 அனுப்பறார். அந்தத் துண்டு முழுசா உடையும். 0.01 கோயிலுக்கு, மிச்சம் கிட்டத்தட்ட 0.49 அவரோட இன்னொரு முகவரிக்கே திரும்பும். ரெண்டும் ஒரே பரிவர்த்தனையில பக்கத்துப் பக்கத்துல நிக்கும். இப்ப நம்ம வழக்கம் என்ன? பூஜை முடிஞ்சதும் மைக்ல வாசிக்கறோம்: "இன்னார் குடும்பம், இவ்வளவு ராண்ட்." தேதி, தொகை, பேரு மூணும் கிடைச்சிருச்சு. பின் வரிசையில உக்காந்திருக்கறவன் போன்ல தட்டிப் பாத்தா அவர் மிச்சம் எவ்வளவு வச்சிருக்கார்னு அங்கேயே கணக்குப் போட்டுருவான். கணக்கு எண்ணுல இது நடக்குமா? நடக்குமான்னு கேக்கறேன்.

கோடிங் குமரன்:
நம்ம ஆளுங்க எத்தன பேர் சொந்த வாலட் வச்சிருக்காங்க? எல்லாரும் லூனோ, வால்ர்னு பிட்காயின் வாங்கி விக்கற எக்ஸ்சேஞ்ச்லேருந்துதான் அனுப்பறாங்க. அப்படி அனுப்பினா வெளிய தெரியறது எக்ஸ்சேஞ்சோட பொது முகவரிதான். அனுப்பினவர் யாருன்னு பின் வரிசைக்காரனுக்குத் தெரியாது. உங்க உதாரணம் எக்ஸ்சேஞ்ச்ல வச்சிருக்கறவங்களுக்குப் பொருந்தாது.

மெரிபேங்க் மாமா:
வகுப்புல நீயே என்ன சொன்ன? "எக்ஸ்சேஞ்ச்ல வைக்காதீங்க, சொந்த வாலட்டுக்கு மாத்துங்க"ன்னு ஸ்லைடு போட்டியே! உன் பேச்சைக் கேட்டவன் மாட்டுவான், கேக்காதவன் தப்பிப்பான். நல்ல பாடம்.

பீனிக்ஸ் 1860:
எதுக்கு இவ்வளவு கூச்சல்? எனக்கு மறைக்க எதுவும் இல்ல. பாட்டன் 1860-ல கூலிக்கு ஆள் ஏத்திட்டு வந்த முதல் கப்பல் ட்ரூரோவுல வந்து இறங்கினப்ப பேரு, ஊரு, சாதி, அங்க அடையாளம் வரைக்கும் எழுதி வச்சாங்க. அப்ப போகாத மானம் இப்ப போயிருமா?

டோங்காட் அக்கா:
அவங்க எழுதினது கூலிக்கு ஆள் எண்ண. அத ஒரு பெருமைன்னு தூக்கிட்டு வரீங்களே.

பீனிக்ஸ் 1860:
பெருமைதான். நாங்க ஆதியிலேருந்து இங்க. நேத்து விசா வாங்கி வந்தவங்க எங்க கோயில்ல எங்களுக்குப் பாடம் எடுக்கறாங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல.

கோடிங் குமரன்:
பெட்ரோல் என் காசு ஐயா. கூப்பிட்டது உங்க இளைஞர் அணி. நானா வரல.

மெரிபேங்க் மாமா:
வந்தவர் யாருங்கறது இல்ல விஷயம். சொன்னது என்னங்கறதுதான். கணக்கு எண் மாதிரி இல்ல! 2016-ல பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்ச்லேருந்து 1,19,754 பிட்காயின் திருடினாங்களே, என்னாச்சு? பேரு இல்லாத முகவரிங்கதான். ஆனா ஒவ்வொரு அசைவும் பொதுப் பேரேட்டுல கல்வெட்டு. ஆறு வருஷம் கழிச்சு, 2022 பிப்ரவரியில, அமெரிக்காக்காரன் 94,000-க்கு மேல புடிச்சான். புடிச்சதுக்கு உதவினது என்ன தெரியுமா? சந்தேகத்துக்கு ஆளானவனோட கிளவுட் கணக்குல முகவரியும் பணத்த எடுக்கற ரகசியச் சாவியும் ஒரே ஃபைல்ல இருந்துச்சு. பேரேடு எதையும் மறக்காது, கிளவுடும் மறக்காது.

கோடிங் குமரன்:
திருடனப் புடிச்சத எதுக்கு நம்ம கோயிலுக்கு ஒப்பிடறீங்க? நான் அநாமதேயம்னு சொல்லவே இல்ல. புனைபேர்னுதான் சொன்னேன்.

மெரிபேங்க் மாமா:
சொல்லல. "யாருக்கும் ஒண்ணும் தெரியாது"ன்னுதான் சொன்ன. முன் வரிசையில உக்காந்திருந்தேன்.

சாட்ஸ்வர்த் வேலன்:
முன் வரிசையில தூங்கிட்டிருந்தத நானும் பாத்தேன் மாமா.

மெரிபேங்க் மாமா:
கண்ண மூடிக் கேக்கறது என் பழக்கம். உன் அப்பாவ கேளு.

டோங்காட் அக்கா:
பொருளாதார விஷயம் எனக்குத் தெரியாது, ஆனா ஒண்ணு கேக்கறேன். மைக்ல பேரு வாசிக்கறதே சரியா? போபியாங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1-லேருந்து முழுசா அமல்ல இருக்கு. மத நம்பிக்கையெல்லாம் அதுல தனிப் பாதுகாப்புள்ள தகவல். யார்கிட்டயாவது சம்மதம் வாங்கினீங்களா?

பீனிக்ஸ் 1860:
போச்சுடா. மைக்ல பேரு வரலன்னா பாதி பேர் காசே குடுக்க மாட்டான் அக்கா. அதுதான் நம்ம சம்மதம்.

கோடிங் குமரன்:
சரி, ஒரு வழி சொல்றேன். ஒவ்வொருத்தருக்கும் புது முகவரி குடுக்கலாம். பிட்காயின உருவாக்கின சதோஷி நகமோட்டோவோட 2008 கட்டுரையிலயே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி எடுங்கன்னு இருக்கு. பிட்காயின் பணம் வாங்கற பிடிசிபே மென்பொருள ஒரு சர்வர்ல போட்டா தானா மாத்திக் காட்டும். இல்லன்னா லைட்னிங்கற பிட்காயின் மேல ஓடற வேகப் பட்டுவாடா வழியா வாங்கலாம், பிக் என் பே கடையில பொருளுக்குப் பிட்காயினா காசு வாங்கறது அப்படித்தான். ஒவ்வொரு பட்டுவாடாவும் பொதுப் பேரேட்டுல தனித்தனியா ஏறாது.

மெரிபேங்க் மாமா:
ஆக ஒரே முகவரிய எங்க வேணா ஒட்டக்கூடாதுன்னு ஒத்துக்கற!

கோடிங் குமரன்:
ஒத்துக்கல. ஒட்டலாம். இது அதவிட நல்ல வழி, அவ்வளவுதான்.

மெரிபேங்க் மாமா:
கணக்கு எண் மாதிரின்னா நல்ல வழி எதுக்கு? கணக்கு எண்ண யாராவது ஆளுக்கு ஒண்ணா மாத்துறாங்களா?

சாட்ஸ்வர்த் வேலன்:
சர்வர யார் பாத்துக்கறது? ஹால்ல லோட் ஷெடிங்னு கரண்ட் கட் வந்தப்ப மணி அடிக்கற மெஷினே நின்னுபோச்சு. போஸ்டர் அச்சாயிருச்சு. காவடி முடியட்டும், பேசிக்கலாம்.

டோங்காட் அக்கா:
அச்சானத விடு வேலா. அந்த வாலட்டோட 24 மந்திரச் சொல் எங்க இருக்கு? பொருளாளர் அத போன்ல போட்டோ எடுத்து கமிட்டி வாட்ஸ்அப் குரூப்புல போட்டதா கேள்விப்பட்டேன். அந்தச் சொல்லு கிடைச்சவன் பணத்த எங்கேருந்து வேணா எடுத்துட்டுப் போயிரலாமே.

சாட்ஸ்வர்த் வேலன்:
உடனே டெலிட் பண்ணியாச்சு.

மெரிபேங்க் மாமா:
டெலிட்டாம்! எத்தன போன்ல கேலரிக்குப் போய் கிளவுட்ல ஏறி உக்காந்திருக்கோ. இப்பவே புது வாலட் எடுத்து பணத்த மாத்தணும். இதெல்லாம் வகுப்புல சொன்னியா குமரா?

கோடிங் குமரன்:
சொன்னேன் மாமா. "காகிதத்துல எழுதி வைங்க, போட்டோ எடுக்காதீங்க"ன்னு தனி ஸ்லைடே இருந்துச்சு. அப்பத்தான் நீங்க கண்ண மூடிக் கேட்டுட்டிருந்தீங்க.

பீனிக்ஸ் 1860:
ஹா ஹா. தம்பிக்கு இப்பத்தான் டர்பன் வாய் வருது.

மெரிபேங்க் மாமா:
சிரிக்கறவங்க சிரிங்க. இன்னொண்ணும் இருக்கு. எக்ஸ்சேஞ்ச்னா பேரு தெரியாதுங்கறானே, 2025 ஏப்ரல் 30-லேருந்து நம்ம நாட்டு எக்ஸ்சேஞ்ச் அனுப்பறவர், வாங்கறவர் விவரம் கேக்கணும்னு விதி வந்தாச்சு. பேரு எக்ஸ்சேஞ்ச்கிட்ட இருக்கு. அதுங்க கோட்டை விட்டா? 2020-ல எக்ஸ்பீரியன்ங்கற கடன் தகவல் கம்பெனியில 2 கோடியே 40 லட்சம் தென்னாப்பிரிக்கர்களோட தகவல் போச்சு. அதே 2020-ல லெட்ஜர்ங்கற வாலட் கம்பெனி வாடிக்கையாளர் பட்டியல், வீட்டு விலாசம் போன் நம்பரோட, இணையத்துல கொட்டிக் கிடந்துச்சு. அடிப்படைப் பாடம்னா அங்கேருந்து ஆரம்பிக்கணும். கணக்கு எண் மாதிரின்னு ஆரம்பிக்கக்கூடாது.

கோடிங் குமரன்:
அங்கேருந்துதான் ஆரம்பிச்சேன். ரைகாங்கற சிம் பதிவுச் சட்டம், சிம் மாத்து மோசடி, எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம், ஆப் போடுங்கன்னு முதல் அரைமணி நேரம் அதுதான். ஒரு வாக்கியத்தப் புடிச்சுக்கிட்டு தொங்கறீங்க.

மெரிபேங்க் மாமா:
தொங்குவேன். போஸ்டர்ல ஏறினது அந்த ஒரு வாக்கியம்தானே.

சாட்ஸ்வர்த் வேலன்:
மாமா, முகவரிய எடுத்துட்டா நன்கொடைய யார் குடுப்பா, நீங்களா? போன காவடிக்கு உங்க தெருக்காரங்க வாங்கிட்டுப் போன மடக்கு நாற்காலி முப்பது இன்னும் திரும்பல. முதல்ல அதக் கொண்டாந்து போடுங்க.

மெரிபேங்க் மாமா:
முப்பது இல்ல, இருபத்தஞ்சு. அதுல அஞ்சு ஏற்கெனவே உடஞ்சிருந்துச்சு, உன் பொருளாளர்தான் எண்ணிக் குடுத்தார், கூரைக்கு எண்ணின மாதிரியே.

டோங்காட் அக்கா:
பாத்தியா வேலா, கூரைய நான் இழுக்கல.

சாட்ஸ்வர்த் வேலன்:
இருபத்தஞ்சா? கையெழுத்துப் போட்ட சீட்டு என்கிட்ட இருக்கு. போட்டோ எடுத்து இங்கயே போடட்டுமா?