சின்ன ஊர் மளமளவென வளர்ந்தால் நகராட்சி முதலில் எதைத் தொட வேண்டும்?

கேள்வி (பீரோசாவி):
வளரும் நாடுகளில் நகரமயம் என்றாலே பெருநகரப் பேச்சுதான். ஆனால் ஐ.நா.வின் 2018 கணக்குப்படி உலக நகரவாசிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள ஊர்களில்தான் இருக்கிறார்கள். அங்கே நகராட்சி என்றால் ஒரு பொறியாளர், ரெண்டு மூணு எழுத்தர், யாரோ ஆலோசகர் போட்டுக்கொடுத்து பீரோவில் தூங்கும் தடித்த 20 வருஷத் திட்டம், அவ்வளவுதான். தண்ணீர், குப்பை, பூங்கா எல்லாமே முக்கியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் வேலை எது?

அளவைக்கல்:
ரோட்டுக்கு இடம். மற்றதெல்லாம் அப்புறம்.
எத்தியோப்பியாவில் பஹிர் டார், ஹவாசா போன்ற ஊர்கள், கொலம்பியாவில் மோன்டெரியா, வல்லெடுபார் எல்லாம் இதைத்தான் செய்யப் பார்த்தன: ஊர் விரியப்போகிற பக்கத்தில், சுமார் 1 கி.மீ. இடைவெளியில் 30 மீட்டர் அகலத்துக்குப் பெரிய சாலைகளுக்கான நிலத்தை முன்கூட்டியே குறித்துவைப்பது. உடனே தார் போட வேண்டியதில்லை. குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பஸ் எல்லாம் பின்னால் அந்த வழியாகத்தான் போகப்போகின்றன, வீடு கட்டி முடித்த பிறகு அதே இடத்தைத் தேடினால் இடிப்பு, வழக்கு, இழப்பீடு என்று ஒரு தலைமுறையே போய்விடும்.

வரிப்புள்ளி:
சாலைக்கு இடம் குறித்து எல்லைக் கல்லை நட்டால் ராத்திரியோடு பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், காவலுக்கு யார் சம்பளம் கொடுப்பது? என்னைக் கேட்டால் சொத்து வரி ஏடுதான் முதலில். புதுக் கட்டடங்களில் பாதி ஏட்டிலேயே இருக்காது, இருப்பதற்கும் பழைய மதிப்பு. சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன் சின்ன ஊர் இல்லைதான், ஆனாலும் 2020-இல் அங்கே செய்தது எந்தச் சின்ன நகராட்சிக்கும் ஒத்துவரும். செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கட்டடங்களைக் கண்டுபிடித்தார்கள், ஆள் போய்க் கூரை, சுவர், சாலை வசதி என்று வெளியிலிருந்தே பார்த்துக் குறித்தார்கள், அதற்குப் புள்ளி, புள்ளிக்கேற்ப வரி. சந்தை விலை கணக்குப் போட நிபுணர் வேண்டியதில்லை.

மணல்படுக்கை:
ரெண்டு பேரும் கழிவறையை மறந்துவிட்டீர்கள்! பாதாளச் சாக்கடை சின்ன ஊருக்குக் கட்டுபடியாகாது. போட்டாலும் பம்பு ஓட்டக் கரண்ட் பில் கட்ட முடியாமல் நிற்கும். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கட்டும், லாரி உறிஞ்சிக்கொண்டு எங்கே போய்க் கொட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் ஆளில்லாத ஓடைக்கரை. மணல் பரப்பிய படுக்கையில் கழிவை விட்டால் தண்ணீர் கீழே வடியும், மேலே காய்ந்ததை வாரிக்கொள்ளலாம், வடிந்த நீரைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். மகாராஷ்டிராவில் வாய் (Wai), சின்னர் என்ற ஊர்களில் வீட்டுக்காரர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் முறை வைத்து லாரி போகிறது.

அளவைக்கல்:
@வரிப்புள்ளி, நிலத்துக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்று ஒரு முறை உண்டு, எல்லார் நிலத்தையும் ஒன்றாக்கி, சாலைக்கும் பொது இடத்துக்கும் போக மீதியை ஒழுங்கான மனையாக அவரவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். பரப்பு குறையும், மதிப்பு கூடும். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு புஜ் நகரின் பழைய பகுதியைக்கூட இப்படித்தான் திரும்ப அடுக்கினார்கள். கல்லைப் பிடுங்குகிறவர் யார்? நிலத்தைச் சும்மா பறிகொடுத்தவர்தானே.

பீரோசாவி:
சரி, அந்த மனை பிரிக்கும் வேலைக்கு யாருடைய பட்டா எது என்ற ஏடு வேண்டுமே, அது எத்தனை ஊரில் ஒழுங்காக இருக்கிறது?