கோர்பேவேக்ஸ், ஃபைசர்: புரதத் தடுப்பூசியையும் எம்ஆர்என்ஏ தடுப்பூசியையும் எப்படி ஒப்பிடுவது?

வைகைக்கரை கேட்டது:

2022 மார்ச் மாதம் 12 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, என் மகளுக்கு அவளுடைய பள்ளியிலேயே கோர்பேவேக்ஸ் போட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் மகன் அதே வயதில் ஃபைசர் போட்டுக்கொண்டான். அண்மையில் பேச்சு வந்தபோது, "உங்களுக்குக் கிடைத்தது பழைய தொழில்நுட்பம்" என்றார் அண்ணன். "மரபணுவில் கை வைக்காத ஊசிதான் நல்லது" என்கிறார் என் மைத்துனர். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நுண்ணோக்கி பதில்:

இரண்டு ஊசிகளும் உடலுக்கு அடையாளம் காட்டுவது கொரோனா வைரசின் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தைத்தான். அந்தப் புரதம் எங்கே தயாராகிறது என்பதே வேறுபாடு. கோர்பேவேக்ஸில், நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் ஸ்பைக்கின் ஒரு பகுதியை மட்டும் ஈஸ்ட்டில் உருவாக்கித் தூய்மைப்படுத்துகிறார்கள். டெக்சாஸில் பீட்டர் ஹோட்டெஸ், மரியா எலெனா பொட்டாஸி ஆகியோரின் குழு வடிவமைத்ததை ஹைதராபாத்தின் பயாலஜிகல் ஈ நிறுவனம் தயாரித்தது. ஈஸ்ட்டில் உருவான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1986 முதல் புழக்கத்தில் இருப்பதால், இந்த முறையின் பாதுகாப்பைப் பற்றி நமக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. அந்தப் பழமையைக் குறையாகச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஃபைசர் ஊசியில் புரதமே கிடையாது. புரதத்தைச் செய்வதற்கான செய்முறைக் குறிப்பாகிய எம்ஆர்என்ஏ மட்டும் நுண்ணிய கொழுப்புத் துகளுக்குள் வைத்துச் செலுத்தப்படுகிறது. நம் செல்களே அதைப் படித்து ஸ்பைக்கைத் தயாரிக்கின்றன. அந்த எம்ஆர்என்ஏ, நம் மரபணுக்கள் இருக்கும் உட்கருவுக்குள் நுழைவதில்லை, விரைவில் சிதைந்தும்விடுகிறது. ஆகவே உங்கள் மைத்துனரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

தூய புரதம் தனியாகச் சென்றால் நோயெதிர்ப்பு மண்டலம் பெரிதாகப் பொருட்படுத்தாது என்பதால், அதை உசுப்பிவிட ஒரு துணைப்பொருள் வேண்டும். கோர்பேவேக்ஸில் அலுமினிய உப்பும் சிபிஜி என்ற பொருளும் அந்த வேலையைச் செய்கின்றன. எம்ஆர்என்ஏ ஊசியில் கொழுப்புத் துகளே பெருமளவு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. புரதம் செல்லுக்குள்ளேயே உருவாவதால், நோயுற்ற செல்லை அழிக்கும் டி செல்களுக்கும் நல்ல பயிற்சி கிடைக்கிறது.

பொருநை பதில்:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிகளைப் பாதுகாக்கும் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அலுமினிய உப்பு கலந்த புரத ஊசிகளை 2 முதல் 8 டிகிரி வரை வைத்தால் போதும். ஆனால் ஒருமுறை உறைந்துவிட்டால் அவற்றின் வீரியம் போய்விடும். சந்தேகம் வந்தால் அதே தொகுதியைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி வைப்போம். சந்தேகத்துக்குரிய குப்பியிலும் திப்பி திப்பியாகத் திரிந்து அதே வேகத்தில் அடியில் படிந்தால், அதைப் பயன்படுத்தமாட்டோம். தொடக்கத்தில் வந்த ஃபைசர் ஊசிக்கோ மைனஸ் 70 டிகிரி தேவைப்பட்டது, அதைக் குலுக்கவும் கூடாது. மலைக்கிராமத்துக்கு ஐஸ் பெட்டியில் கொண்டுசெல்வதென்றால், நான் புரத ஊசியைத்தான் தேர்ந்தெடுப்பேன். புனேயின் ஜென்னோவா நிறுவனம் 2 முதல் 8 டிகிரியில் வைக்கக்கூடிய எம்ஆர்என்ஏ ஊசிக்கு 2022இல் அனுமதி பெற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வைகைக்கரை கேட்டது:

மிக்க நன்றி. பாதுகாக்கும் திறனில் எது மேல் என்றும் சொல்ல முடியுமா?

நுண்ணோக்கி பதில்:

கோவிட் ஊசிகளை வைத்து அதைச் சொல்வது கடினம். ஃபைசரின் 95 விழுக்காடும், மற்றொரு புரத ஊசியான நோவாவேக்ஸின் 90 விழுக்காடும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வகை வைரஸ் பரவியபோது கிடைத்தவை. கோர்பேவேக்ஸுக்கோ எதிர்ப்பான்களின் அளவைக் கோவிஷீல்டோடு ஒப்பிட்டே அனுமதி தந்தார்கள்.

இதைவிடத் தெளிவான சான்று, முதியோரின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரசில் கிடைக்கிறது. அதற்கு அமெரிக்காவில் 2023இல் ஜிஎஸ்கேயின் புரத ஊசியும், 2024இல் மாடர்னாவின் எம்ஆர்என்ஏ ஊசியும் அனுமதி பெற்றன. கவனித்த காலம் வேறுபட்டாலும், முதல் முடிவுகளில் முன்னது 82.6 விழுக்காடும் பின்னது 83.7 விழுக்காடும் பாதுகாப்புத் தந்தன. இரண்டும் பயன்படுத்துவது, அந்த வைரஸ் நம் செல்லோடு இணையப் பயன்படுத்தும் எஃப் என்ற புரதம், இணைவதற்கு முன் கொண்டிருக்கும் வடிவத்தைத்தான். 2013இல் அந்த வடிவம் கண்டறியப்படும் முன்னர், இணைந்த பிறகு உருமாறிய புரதத்தை வைத்துச் செய்த ஊசிகள் பலன் தரவில்லை. சரியான வடிவத்தில் புரதத்தைக் காட்டுவதுதான் முதன்மையானது, அதை எந்த வழியில் கொடுக்கிறோம் என்பது அடுத்த நிலைதான் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

வேகத்தில் மட்டும் எம்ஆர்என்ஏவுக்கு ஈடு இல்லை. 2020 ஜனவரியில் வைரசின் மரபணு வரிசை வெளியானது. மார்ச் 16 அன்றே மாடர்னாவின் சோதனையில் முதல் ஊசி போடப்பட்டது. உங்கள் அண்ணன் மகன் ஆண்பிள்ளை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு, குறிப்பாக இரண்டாம் தவணைக்குப் பிறகு, இளம் ஆண்களிடம் இதயத் தசை அழற்சி அரிதாகக் காணப்பட்டது. பெரும்பாலோர் குணமடைந்தனர், அது ஊசி போட்ட சில நாள்களுக்குள் வெளிப்படுவது என்பதால், இத்தனை ஆண்டுகள் கழித்து அவர் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.