கான்கிரீட்டில் கரண்ட் பாயுமா? வைஃபை மாடி ஏற மறுக்கிறது

மொட்டைமாடி:
புது வீட்டுக்குக் குடி வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கீழ்க் கூடத்தில் ரவுட்டர், நேர் மேலே என் அறை, நடுவில் ஐந்து அங்குலத் தளம், அவ்வளவுதான். கீழே வைஃபை சிக்னல் -45 காட்டும் செல்போன் மேலே போனதும் -72 காட்டுகிறது (மைனஸ் எண் பெரிதாக ஆக சிக்னல் பலவீனம்), வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 5 பட்டியலிலேயே வருவதில்லை. அப்பாவின் ரேடியோவிலும் சென்னை வானொலி (மத்திய அலை, 720 கிலோஹெர்ட்ஸ்) கூடத்தில் வெறும் இரைச்சல், வாசலுக்குக் கொண்டுபோனால் பாடுகிறது. மேஸ்திரியோ "கான்கிரீட்ல கரண்ட் பாயும் சார், அதான் இழுத்துக்குது" என்கிறார். ஜல்லி, மணல், சிமெண்டில் எப்படிப் பாயும்? கதை விடுகிறாரா?

பழைய ரேடியோ:
பாதி உண்மைதான். ஜல்லியில் பாயாது, உள்ளே இருக்கும் தண்ணீரில் பாயும். கான்கிரீட் முழுக்க நுண்துளைகள், அவற்றில் நிற்கும் நீரில் சிமெண்டிலிருந்து கரைந்த சோடியம், பொட்டாசியம், பிஎச் 13-ஐ ஒட்டிய காரம். ஈரமாக இருக்கும்போது மின்தடை எண் சில பத்து ஓம்-மீட்டர்தான், அடுப்பில் வைத்து உலர்த்தினால் கோடிகளில் ஏறிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசோனாவின் வறண்ட மண்ணில் குண்டுக் கிடங்குகளுக்கு எர்த் கிடைக்காமல், யூஃபர் என்பவர் அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையே எர்த்தாக்கினார், இன்றும் அவர் பெயரில்தான் அந்த முறை வழங்குகிறது.

இப்படிக் கரண்ட் பாயும் பொருள் ரேடியோ அலையின் சக்தியையும் விழுங்கும், வைஃபையும் ரேடியோ அலைதான். உங்கள் தளத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 2.4-இல் 6 முதல் 8 டெசிபல், 5-இல் 11 முதல் 15 டெசிபல் தளமே தின்றுவிடும். 15 என்றால் முப்பதில் ஒரு பங்குதான் மேலே வரும். இது சாதாரணக் கான்கிரீட்டுக்கு, ஈரமானதுக்கு இன்னும் மோசம்.

கம்பிகட்டு:
தளம் போட்டுப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பீர்களே, அந்த ஈரம் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மேலே டைல்ஸ், கீழே பெயிண்ட் என்று அடைத்துவிட்டால் எங்கே போகும்? ஆனாலும் என் சந்தேகம் கம்பி மேல்தான். 8 மில்லி கம்பி, ஆறு அங்குல இடைவெளி, குறுக்கும் நெடுக்கும் வலை போல. அதுதான் தடுக்கும்.

பழைய ரேடியோ:
வைஃபையை அவ்வளவாகத் தடுக்காது. 2.4-இன் அலைநீளம் 12.5 செ.மீ., 5-க்கு 6 செ.மீ., ஆறு அங்குல ஓட்டையில் நுழைந்து போய்விடும். ஆனால் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 416 மீட்டர், அதன் கண்ணுக்கு அந்த வலை மூடிய தகரம் மாதிரி. ஆக, வைஃபையைக் கெடுப்பது தண்ணீர், ரேடியோவைக் கெடுப்பது கம்பி. அப்புறம் ஒன்று, மலிவு எல்இடி பல்புகளும் மத்திய அலையில் அசிங்கமாக இரையும், ஒருதடவை எல்லாவற்றையும் அணைத்துப் பாருங்கள்.

மொட்டைமாடி:
பார்த்தேன். பல்புகளை அணைத்ததும் இரைச்சல் பாதி போய்விட்டது, ரேடியோவை ஜன்னல் திட்டில் வைத்ததும் மீதியும் போனது. ரவுட்டரை மாடிப்படித் திறப்புக்குக் கீழே மாற்றினேன், இப்போது என் அறையில் -58, 5-உம் தலைகாட்டுகிறது. வயர் கூடத்தின் குறுக்கே போவதால் அம்மாவுக்குத்தான் கோபம்.

கம்பிகட்டு:
சுவரோரமாக கேசிங் அடித்துவிடுங்கள். தளத்தை மட்டும் துளைத்துவிடாதீர்கள், கம்பியில் டிரில் பட்டால் வம்பு.