அம்மாவுக்காக ஓர் உதவி: சீரியல் வசனத்தை எழுத்தில் பார்க்க வழி உண்டா?

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. போன வருடத்திலிருந்து காது சரியாகக் கேட்பதில்லை. மிஷின் வைத்தாலும் டிவி சத்தம் வெறும் இரைச்சலாக விழுகிறது என்கிறார்.

அவருக்கு சன் டிவியின் 'எதிர்நீச்சல்' சீரியல் என்றால் உயிர். 2023 செப்டம்பரில் அதில் நடித்த மாரிமுத்து இறந்தபோது சொந்தத்தில் ஒருவர் போனதுபோல அழுதார். 2024 டிசம்பரில் இயக்குநர் திருச்செல்வம் இரண்டாம் பாகத்தைத் தொடங்கியதும்தான் முகத்தில் மறுபடி களை வந்தது. மருமகள்கள் நால்வரும் கூடிப் பேசும் காட்சிகள் என்றால் கண் எடுக்கமாட்டார். அவரும் கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், அந்தப் பேச்சு முழுக்க அவர் பேச நினைத்தது.

இப்போது அந்த மருமகள்களில் ஒருத்தியான நந்தினி வாயைத் திறந்தாலே என் கையைத் தட்டி, "என்னடி சொல்றா?" என்கிறார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதிக் காட்டுவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

பேச்சை எழுத்தாக்கும் செயலியைப் போனில் போட்டு டிவி பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பின்னணி இசை ஏறியதும் கண்டபடி எழுதுகிறது. திரையிலேயே தமிழ் எழுத்து வர ஏதாவது வழி இருக்கிறதா? இல்லையென்றால், தினமும் கதையை வசனத்தோடு தமிழில் எழுதுபவர்கள் யாராவது தெரியுமா? அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.