படத்தில் வரும் 'வெள்ளை வில்லன்': உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடைசி பெஞ்ச்:

எனக்கு அல்பினிசம், பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி குறைவு. கண் நிற்காமல் ஆடும், வெயிலில் திறக்க முடியாது, கரும்பலகை எழுத்து தெரியாது. இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான், நீட்டவில்லை.

2006ல் 'த டாவின்சி கோட்' படத்தைத் தமிழ்நாட்டில் திரையிடக் கூடாது என்று அரசு தடை போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? தடை போட்டார்கள் என்பதற்காகவே ஹாஸ்டலில் எல்லாருக்கும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். பர்மா பஜாரிலிருந்து டிவிடி வந்தது. ஒரே கம்ப்யூட்டர், அறை முழுக்க ஆட்கள். நான் வழக்கம்போல மானிட்டருக்கு ஒரு சாண் தூரத்தில்.

சைலஸ் என்று ஒரு துறவி வருவான். வெள்ளை முடி, வெள்ளைப் புருவம், தலைக்கு முக்காடு. ஆரம்பத்திலேயே லூவர் மியூசியத்தில் ஒரு கிழவரைச் சுட்டுக் கொல்வான். அதுவரை அறையில் ஒரே சலசலப்பு. அப்புறம் அவன் தொடையில் முள்பட்டையை இறுக்கிக்கொண்டு, முதுகில் சாட்டையால் தன்னையே அடித்துக்கொள்ளும் காட்சி. என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். வேண்டுமென்று செய்யவில்லை, நகர்ந்ததே அவனுக்குத் தெரிந்திருக்காது. நாலு விரல் இடைவெளிதான். மறுநாளிலிருந்து எனக்கு சைலஸ் என்று பேர் விழுந்தது. அதையெல்லாம் சிரித்துக் கடந்துவிட்டேன். அந்த நாலு விரல்தான் இன்னும் உறுத்துகிறது.

தடை கேட்டவர்கள் எல்லாரும் படம் இயேசுவை இழிவுபடுத்துகிறது என்றுதான் கேட்டார்கள். சென்சார் போர்டும் 'இது கற்பனைக் கதை' என்று கார்டு போடச் சொன்னது. தோலுக்காக வாய் திறந்தது, எனக்குத் தெரிந்து, அமெரிக்காவில் எங்களைப் போன்றவர்களுக்காக இருக்கும் நோவா அமைப்பு மட்டும்தான்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

இரவுக் காட்சி:

வில்லன் இல்லை, என்னுடையது ஹீரோ. 'பவுடர்', 1995ல் வந்த படம், கேபிளில் போட்டார்கள். உடம்பில் மின்சாரம் ஓடும் பையன், சுண்ணாம்பு வெள்ளை, அதிபுத்திசாலி. தாத்தா பாட்டி அவனை வீட்டு நிலவறையிலேயே வைத்து வளர்த்திருப்பார்கள்.

என் சித்தி பையனுக்கும் அல்பினிசம், அப்போது சின்னப் பையன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் டிவி கண்ணாடிக்குப் பக்கத்தில் கையை வைத்தான். பழைய டப்பா டிவிதானே, கை முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. "அண்ணா, எனக்கும் வருது!" அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். கடைசியில் அந்தப் பையன் இடி மின்னலுக்கு நடுவே வயலில் ஓடி, மின்னலோடு மின்னலாக மறைந்துவிடுவான். ஊர்க்காரர்கள் கண் கலங்க நிற்பார்கள். இவன் என்னைப் பார்த்து, "ஏன் அவன் வீட்டுக்குப் போகல?" என்றான். என்னத்தைச் சொல்ல?

கெட்டவனாகக் காட்டினால் சாகடிக்கிறார்கள், நல்லவனாகக் காட்டினால் வானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருநாளாவது நிற்க வைத்தால் என்ன?

நேர்வழி நெல்லை:

படத்தைப் படமாகப் பாருங்கள் சகோ. வில்லன் என்றால் ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். நம்மூர்ப் படங்களில் ஒற்றைக்கண், வெட்டுத் தழும்பு, மொட்டை எல்லாம் இல்லையா? மொட்டைத் தலைக்காரர்கள் சங்கம் வைத்தா சண்டை போடுகிறார்கள்? 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்து வில்லன் இரட்டையர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை சடைமுடி, கறுப்புக் கண்ணாடி, நினைத்தபோது ஆவி மாதிரி மாறிவிடுவார்கள். செம ஸ்டைல். எங்கள் செட்டில் பாதிப் பேர் அவர்களுக்காகவே மறுபடி டிக்கெட் எடுத்தோம்.

என் அனுபவம் என்று கேட்டால், எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தார். யாரும் பயப்படவில்லை. அவ்வளவுதான்.

மஞ்சள் பை:

@நேர்வழி நெல்லை, தெருவில் யாரும் பயப்படவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவர் சொன்னாரா?

மொட்டை அடித்த வில்லனும் உண்டு, மொட்டை அடித்த ஹீரோவும் உண்டு, காமெடியனும் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று. 1960லிருந்து 2006 வரை 68 படங்களில் அல்பினிசம் உள்ளவர் கெட்டவராக வருகிறார் என்று நோவா கணக்குச் சொல்கிறது. தராசின் மறு தட்டில் வைக்க, கெட்டவராக வராத படம் உங்களிடம் எத்தனை இருக்கிறது? 1987ல் வந்த 'த பிரின்சஸ் பிரைட்' குழந்தைகளும் விரும்பிப் பார்க்கும் படம். அதில் சித்திரவதைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்குப் பேர்கூட இல்லை, 'அல்பினோ' என்றுதான் நடிகர் பட்டியலிலேயே போட்டார்கள்.

இன்னொரு கூத்து. அல்பினிசம் உள்ள பெரும்பாலானவர்களுக்குப் பார்வை குறைவு, கண்ணாடி போட்டாலும் முழுதாகச் சரியாகாது. என் மகள் பஸ் போர்டைப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். சினிமாவில் மட்டும் அவர்கள் குறி தவறாமல் சுடுகிறார்கள், ராத்திரியில் காரை விரட்டுகிறார்கள். சிவப்புக் கண் வேறு. டாவின்சி கோட் நாவலிலேயே சைலஸுக்கு இளஞ்சிவப்புக் கண் என்று எழுதியிருக்கிறது. என் மகளுக்குச் சாம்பல் கலந்த நீலம். சில வெளிச்சத்தில் உள்ளே இருக்கும் ரத்த நாளம் தெரிந்து லேசாகச் சிவக்கும், அவ்வளவுதான்.

என்னை விடாமல் உறுத்துவது இது: பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு வேஷம் பிரித்தார்கள். இவளுக்குப் பேய். டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார், "உங்களுக்கு மேக்கப் செலவே இல்லை மேடம்."

கண்ணாடிக் கடை:

வணக்கம். ஆப்டிகல் ஷோரூமில் வேலை பார்க்கிறேன். அல்பினிசம் உள்ள ஒருவர் மனைவியோடு வந்து கூலிங் கிளாஸ் பார்த்தார். நல்ல அடர் கறுப்பாக ஒன்றை மாட்டினார். மனைவி உடனே, "ஐயோ வேண்டாங்க, அந்த இங்கிலீஷ் படத்து ஆள் மாதிரி இருக்கு" என்றார். மனிதர் பேசாமல் கழற்றி வைத்துவிட்டு வெளிர் பழுப்பு எடுத்துப் போனார்.

இதையொட்டிச் சில விஷயங்கள். கண்ணாடி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி 400 பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பிளாட்பாரக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். அகலமான விளிம்பு வைத்த தொப்பி, முழுக்கை சட்டை. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியே போகும் முன்னால் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மேகமாக இருந்தாலும் தடவுங்கள். இந்தத் தோலுக்குப் புற்றுநோய் ஆபத்து அதிகம், ஆறாத புண் எதையும் விட்டுவைக்காதீர்கள். பிள்ளைகளை முதல் பெஞ்சில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். குனிந்து, தலையைச் சாய்த்துப் படித்தால் திட்டாதீர்கள், அந்தக் கோணத்தில்தான் கண் ஆட்டம் குறையும். பெரிய எழுத்துப் புத்தகம், கையடக்கத் தொலைநோக்கி எல்லாம் பற்றி விசாரியுங்கள், மதுரை அரவிந்த் மாதிரி இடங்களில் குறைபார்வைக்குத் தனிப் பிரிவே உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகையில் அல்பினிசம் என்று தனியாக இல்லை, ஆனால் குறைபார்வை இருக்கிறது. அந்தக் கணக்கில் குறைபாடு 40 சதவீதம் வந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வைட்டமின் மாத்திரையால் நிறம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் சம்பந்தப்பட்ட பிறவி விஷயம்.

கடைசி பெஞ்ச்:

@கண்ணாடிக் கடை, அண்ணா, நான் கேட்டது படத்தைப் பற்றி. இருந்தாலும் தலையைச் சாய்ப்பது பற்றிச் சொன்னதற்கு நன்றி, என் கணக்கு வாத்தியாருக்கு அனுப்ப வேண்டும். அந்த வெளிர் பழுப்பு எடுத்துப் போனவர் மறுபடி வந்தாரா?

லா சப்பல் பெடியன்:

நான் பாரிஸில் இருக்கிறேன். அந்தப் படம் வந்த காலத்தில் செயின்ட் சுல்பிஸ் தேவாலயத்துக்குக் கிட்ட ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. கதையில் சைலஸ் தரைக்கல்லை உடைப்பானே, அந்தத் தேவாலயம்தான். உள்ளே படம் எடுக்க அவர்கள் விடவில்லை. ஆனாலும் சனம் வந்து குவிந்தது. தரையில் ஓடும் பித்தளைக் கோட்டுக்கும் நாவலில் சொல்லும் கதைக்கும் சம்பந்தமில்லை என்று உள்ளே அறிவிப்பே வைத்திருந்தார்கள்.

என்னோடு தட்டுக் கழுவியவர் மாலி நாட்டுக்காரர், அல்பினிசம். பின்னேரம் நானும் அவரும் பின்கதவடியில் நின்று சிகரெட் பத்துவோம். ஒருநாள் உல்லாசப் பயணிகள் ரெண்டு பேர் அவரைக் கண்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒரு படம் எடுக்கலாமோ என்று கேட்டார்கள், அவரும் ஓம் என்றார். அந்தப் பெண் தன்ர சால்வையைக் கழற்றி அவர் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டாள். மற்றவன் தன் முகத்தை உர் என்று வைத்துக் காட்டி, இப்படிப் பார் என்கிறான். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, படம் பார்க்கவில்லை அவர். ஏன் கோபமாகப் பார்க்க வேணும் என்று என்னைக் கேட்டார். நான் கதையைச் சொன்னேன். சால்வையை எடுத்து, ஒழுங்காக மடித்து, அவளின் கையில் குடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு ஆறுதலாகக் கதைக்கும்போது சொன்னார், "பமாக்கோவில் என்னைக் கண்டால் பாடச் சொல்லுவார்கள்." சலிஃப் கெய்ட்டா அவருடைய நாட்டுப் பாடகர் எல்லோ, அவருக்கும் இதே தோல். இவருக்குப் பாட்டு சுத்தமாக வராது, குசினியில் நான் கேட்டிருக்கிறேன்.

நேர்வழி நெல்லை:

சரி, மஞ்சள் பை கேட்ட அந்தத் தட்டில் வைக்க ஒன்று தேடினேன். 'ஒயிட் ஷேடோ', 2013, தான்சானியாவில் நடக்கும் கதை. அல்பினிசம் உள்ள பையனாக நடித்திருப்பவருக்கு உண்மையிலேயே அல்பினிசம், பேர் ஹமிசி பசிலி. வெனிஸ் விழாவில் விருது வாங்கிய படம். உடல் உறுப்புக்காக ஆட்களை வேட்டையாடும் கொடுமையைப் பற்றியது.

மஞ்சள் பை:

அதிலும் துரத்துகிறார்களா! என் மகளோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள். ஸ்கூல், பரீட்சை, சண்டை, காதல், எதுவானாலும் பரவாயில்லை.