6 வோல்ட் ஸ்கேனரை யூஎஸ்பி 5 வோல்ட்டில் ஓட்ட முடியுமா?

இசிப்பிங்கோ மேட்டுவீடு:

எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ் எழுதக் கற்றது சனிக்கிழமை வகுப்பில்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா விட்டுப்போன கையடக்க ஸ்கேனர் (விமானம், கப்பல் பேச்சைக் கேட்கும் ரேடியோ) ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்கு பென்லைட் (ஏஏ) பேட்டரி போடும் பழைய மாடல். பக்கவாட்டில் அடாப்டர் ஓட்டை, அதன்மேல் 6 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. அடாப்டர் எப்போதோ தொலைந்துவிட்டது. டர்பனின் பழைய விமான நிலையம் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த காலத்தில் அப்பா பின்வாசலில் உட்கார்ந்து கோபுரத்தையும் பைலட்டையும் சேர்த்தே கேட்பார். 2010 மே மாதம் அது வடக்கே தூரத்தில் இருக்கிற லா மெர்சிக்குப் போன பிறகு வானத்தில் இருக்கிற பைலட் குரல் மட்டும்தான் வருகிறது. பக்கத்து வீட்டுச் சண்டையில் பெண்டாட்டி பேசுவது மட்டும் கேட்கிற மாதிரி. இப்போது நான் அதிகம் கேட்பது கப்பல்கள் பேசும் 156.8 மெகாஹெர்ட்ஸ், வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள்.

லோட் ஷெடிங் ஓய்ந்தாலும் கேபிள் திருட்டு ஓயவில்லை. கரண்ட் போனால் பேட்டரி வாங்கியே காசு கரைகிறது. அதனால் பழைய யூஎஸ்பி கேபிளை வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் ஒரு பின்னில் சேர்த்து, லேப்டாப்பில் செருகினேன். விளக்கு எரிந்தது, ஆனால் பேட்டரி குறைவு என்று பீப் அடிக்கிறது. சத்தம் கூட்டினால் குரல் உடைகிறது. லேப்டாப்புக்குச் சக்தி போதவில்லையா?

சால்டரிங் தாத்தா:

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். பின்னில் நடு எது, ஓரம் எது என்று மீட்டர் வைத்துப் பார்த்தாயா? சில ஸ்கேனரில் நடு பிளஸ், சிலதில் நடு மைனஸ். விளக்கு எரிந்தது, தப்பித்தாய்.

லேப்டாப் மேல் குற்றமில்லை. சாதாரண யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லியாம்பியர் தரும், உன் பெட்டிக்கு அதில் பாதிகூட வேண்டாம். குறைவது கரண்ட் அல்ல, வோல்ட். பல செட்டில் அடாப்டர் ஓட்டைக்குப் பின்னால் ஒரு டையோடு (கரண்டை ஒரே பக்கம் விடும் உறுப்பு) இருக்கும், அது 0.7 வோல்ட் வரை விழுங்கும். 5 போட்டால் உள்ளே 4.3தான் போகிறது, பீப் அடிக்காமல் என்ன செய்யும்?

பேட்டரி வழியாகப் போ. ரீசார்ஜ் பென்லைட் ஒன்று 1.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 4.8. அதில் ஓடுகிற பெட்டி 5 வோல்ட்டில் தாராளமாக ஓடும். மரத்தில் இரண்டு போலி பேட்டரி செய். 50 மில்லிமீட்டர் நீளம், 14 தடிமன். ஒவ்வொன்றின் ஒரு முனையில் மட்டும் திருகாணி, அதில் ஒயர். ஒன்று வரிசையின் கடைசி பிளஸ் தகட்டைத் தொடணும், மற்றது கடைசி மைனஸை. மற்ற இரண்டு இடமும் காலியாகவே இருக்கட்டும். சிவப்பு ஒயரில் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டுவிடு. போலி உள்ளே இருக்கும்போது அடாப்டர் ஓட்டையில் எதையும் செருகாதே.

ஃபீனிக்ஸ் அக்கா:

நான் குறுக்கு வழியில் போனவள். 5ஐ 6 ஆக ஏற்றுகிற குட்டி போர்டு வாங்கி வைத்தேன். கப்பல் பேச்சு சரியாக இருந்தது, விமானப் பக்கம் போனால் வடை பொரிக்கிற சத்தம். விமானப் பேச்சு வரும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் அல்லவா, அந்த போர்டின் இரைச்சல் அப்படியே ஏறிவிடும். கப்பல் எஃப்எம், அதில் அவ்வளவு தெரியாது. தாத்தா சொன்ன மரக்கட்டை வழிதான் சுத்தம். ஆனால் லேப்டாப்பே இரைச்சல் தரும், அண்ணா. கேபிளை ஸ்கேனர் பக்கத்தில் ஃபெரைட் வளையத்தில் (இரைச்சலை அடக்கும் கறுப்பு வளையம்) ஐந்தாறு சுற்று சுற்றிப் பாருங்கள்.

இசிப்பிங்கோ மேட்டுவீடு:

தாத்தா, செய்துவிட்டேன். அம்மாவின் பழைய அகப்பைக் காம்பை அறுத்துக் காகிதம் சுற்றினேன், அளவு சரியாக வந்தது. பீப் போய்விட்டது. ஆனால் லேப்டாப்பை விட்டு பவர் பேங்கில் போட்டால் அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் அணைவதில்லை, அமைதியானால்தான்.

சால்டரிங் தாத்தா:

ஸ்பீக்கர் சும்மா இருக்கும்போது உன் பெட்டி இழுப்பது மிகக் குறைவு. ஃபோன் நிறைந்துவிட்டது என்று நினைத்து பவர் பேங்க் தூங்கப் போகிறது. 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் கூடுதலாக 100 மில்லியாம்பியர் இழுக்கும், தூங்காது. அரை வாட்டுக்கு மேல் சூடாகும், அதனால் 1 வாட் ரெசிஸ்டராக வாங்கு. பிளாஸ்டிக்கில் படாமல் வை.

ஃபீனிக்ஸ் அக்கா:

ரெசிஸ்டர் சுட்டு சக்தியை எதற்கு வீணாக்கணும்? ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வைத்திருப்பீர்களே, அதில் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். என்னுடையது தூங்குவதே இல்லை.

இசிப்பிங்கோ மேட்டுவீடு:

இருக்கிறது, அக்கா! ரவுட்டர் பின்னால் தூசிக்குள் மறைந்திருந்தது. நேற்று இரவு தெருவே இருட்டு, ரவுட்டரும் ஸ்கேனரும் ஒரே பெட்டியில் ஓடின. விமானப் பக்கம் கொஞ்சம் முனகுகிறது, ஃபெரைட் தேடப் போகிறேன். அம்மாவுக்கு ஒரு அகப்பையும் வாங்கணும்.